தெளிந்த தண்ணீருக்கு ஏற்ற நிறம்

சிவப்பு ரப்பர் புழுவைக் கண்டதும் மீன் ஓடிவிட்டது. மஞ்சளுக்கும் அதே மரியாதைதான்.

எஸ்டேட் துரை தூண்டில் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பச்சையைத் தேடி எடுத்தார்.

ஏரிக்கரையில் அவருக்குப் பின்னால் பூமாரி, மகள் பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றிருந்தாள். அவளை அழைத்துவந்த எஸ்டேட் கம்பவுண்டர் பவுல்ராஜ், பொறு என்று கண்ணாலேயே சொன்னார். பொறுப்பதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போனஸ் கேட்டதற்கு எஸ்டேட்டையே பூட்டிவிட்டார்கள். ஏலக்காட்டில் வேலை தேடி உடும்பஞ்சோலைப் பக்கம் போன புருஷனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் அடுப்பு புகைவதே அபூர்வமாகிவிட்டது. பிள்ளைகள் காப்பகத்தின் ஸ்டோர் ரூமில் மட்டும் பால்பவுடர் டின்கள் அடுக்கியபடி கிடந்தன. சாவி துரையின் கால்சட்டைப் பையில்.

டின் கிடைத்தால் பேச்சி பிழைத்துக்கொள்வாள் என்று பவுல்ராஜ் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று பூமாரி கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் குழியில் வைத்தபோது இருவரும் அங்கேதான் நின்றார்கள்.

எஸ்டேட் பூட்டியதில் ஏரிக்கு மட்டும் கொண்டாட்டம். பாக்டரிக் கழிவு வந்து விழாததால் தண்ணீர் அடிமணல் தெரியத் தெளிந்திருந்தது. வெள்ளைக்காரன் என்றோ கொண்டுவந்து விட்ட புள்ளி மீன்களுக்கு இப்போது எல்லாமே கண்ணில் பட்டது. கலங்கலில் எதைக் காட்டினாலும் கடித்தவை, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி கிட்டே வந்து, சுற்றிப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.

பச்சையையும் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போயின.

துரைக்கு எரிச்சல் தலைக்கேறியது. கம்பெனி எழுபத்து நான்கில் கைமாறி, பழைய வெள்ளைக்காரத் துரை கப்பலேறிய பிறகு வந்த மேனேஜர் இவர். நம்ம நாட்டு மனுஷர் என்று லயமே திரண்டுபோய் மாலை போட்டது. அவருக்கோ இந்தக் குளிரும் அட்டையும் பிடிக்கவில்லை. பங்களாவில் தங்கியிருக்கும் டைரக்டர் மனசு வைத்தால் மெட்ராஸ் ஆபீஸ். டைரக்டர் மனசு வைக்க, ராத்திரி மேசைக்கு இந்த மீன் வந்தாக வேண்டும்.

"உனக்கு என்ன வேணும்?" என்று பூமாரியின் பக்கம் திரும்பினார்.

அவள் வாய் திறக்குமுன் பவுல்ராஜ் விஷயத்தைச் சொன்னார். துரை பேச்சியைப் பார்த்தார். பட்டினியில் உப்பிய கன்னம், வீங்கிய பாதம்.

"கொழுகொழுன்னுதானே இருக்கு. இதுக்கா பால்?"

சொல்லி முடிக்கும்போதுதான் அவர் பார்வை பிள்ளையின் தலைக்குப் போனது.

செம்பட்டை முடி. கறுப்புமில்லை, சிவப்புமில்லை. ஏரியடியில் ஊறிக்கிடக்கும் சருகின் நிறம். சருகோடு சருகாக ஊரும் பூச்சிகளின் நிறமும் அதுதான். சீமைப் பெட்டியில் எத்தனையோ நிறம் இருந்தும் அது ஒன்று மட்டும் இல்லை.

துரை பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்தார்.

பூமாரி பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். பழனிக்கு நேர்ந்துகொண்ட முடி அது. பஸ்ஸுக்கு வழியில்லாமல் பிறந்த நாளிலிருந்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்த மொட்டை.

"சாமிக்கு நேந்த முடிய்யா. கத்தரி படக்கூடாதுய்யா."

"டின் வேணுமா, வேண்டாமா?"

அவள் பிள்ளையைத் திருப்பிக் காட்டினாள். பின்கழுத்தில் வெட்டினால் முருகன் கண்ணில் படாது என்று ஒரு நப்பாசை. பேச்சி அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

ஈயக்குண்டு வைத்த முள்ளில் துரை அந்த முடியைச் சுற்றிப் பட்டுநூலால் கட்டினார். கட்டு சுத்தமாக இருந்தது. வீசினார். தண்ணீருக்குள் முடி விரிந்து மெல்ல அசைந்தது.

மீன் வந்தது. சுற்றிப் பார்க்கவில்லை. ஒரே கவ்வு.

துரை சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். அடுத்த வீச்சுக்கும் மீன். கூடைக்குள் அவை துள்ளுவதைப் பார்த்துப் பூமாரியும் சிரித்துவிட்டாள். வெட்கக்கேடுதான். ஆனாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை பிழைத்துவிட்டது என்றே நினைத்தாள்.

துரை பேச்சு மாறவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்துப் பவுல்ராஜிடம் நீட்டினார்.

பவுல்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷன். கும்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மனசு நிறைந்துபோனதில் தன் தொழிலில் தெரிந்ததையும் சேர்த்துச் சொன்னார்.

"பெரிய உபகாரம் தொரை. சத்தில்லாமத்தான் முடி இப்படி நெறம் மாறிப்போச்சு. பாலு உள்ள போச்சுன்னா பழையபடி கருகருன்னு வந்துரும்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

துரை கூடையைப் பார்த்தார். பேச்சியின் தலையில் மீதியிருந்த முடியைப் பார்த்தார். சாவி திரும்பப் பைக்குள் போனது.

முடி கறுக்க மாசக்கணக்கில் ஆகும் என்று சொல்லப் பவுல்ராஜ் பதறிக்கொண்டு வாயெடுத்தார். துரை கையைக் காட்டி அடக்கினார். பிறகு, பூமாரியிடம் இதுவரை பேசாத கனிவோடு பேசினார்.

"டைரக்டர் சனிக்கிழமைதான் போறார். டின்னை அப்புறம் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் தினமும் பிள்ளையைத் தூக்கிட்டு வந்துடு."