சத்தம் வராமல் ஒரு சண்டை

முதல் அடி காவலாளியுடையதுதான்.

மேடைக்குப் பின்னால் போகும் குறுகிய நடைவழியில், பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த முகத்தைப் பார்த்ததும் அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. ஒரு மாதமாக அவருடைய மேசைக்கு மேல் ஒட்டியிருந்த முகம் அது. அதன் அடியில் இசைக் கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு ஒரு வரி: இந்த நபரை வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது.

உள்ளே வயலின் வாசித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் அப்பா. மூன்று வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். எதற்காக என்று காவலாளிக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வயிற்றில் விழுந்த குத்தில் அந்த ஆள் இரண்டாக மடங்கினான். காவலாளி அவன் கழுத்தை முழங்கை மடிப்பில் இறுக்கிச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். தலை மோதிச் சத்தம் வந்துவிடக் கூடாதே என்று தன் புறங்கையை நடுவில் கொடுத்தார்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'உஷ் அண்ணன்'.

ஐந்து வாரமாகச் சனிக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்குக் கச்சேரி. அந்த அரங்கத்தில் மைக் கிடையாது. ஒரு சாவிக்கொத்து விழுந்தால் கடைசி வரிசை வரை கேட்கும். பெரிய பெரிய வித்வான்களையே உதட்டில் விரல் வைத்து அதட்டி, நுனிக்காலில் நடக்க வைத்தவர் அவர்.

இன்று சீசனின் கடைசிக் கச்சேரி. முதல் தடவையாக ஒரு மாணவிக்கு மேடை கொடுத்திருந்தார்கள். முன்வரிசையில் ஆள் தேர்வுக்காக ஒரு பெரிய இசைக்குழுவிலிருந்து மூன்று பேர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வயலின் மெதுவாக, நூல் மாதிரி போய்க்கொண்டிருந்தது. இப்போது இங்கே ஒரு கூச்சல் எழுந்தால் அந்தப் பெண்ணின் கதை முடிந்தது.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தான் அந்த ஆள்.

காவலாளி அவன் வாயைப் பொத்தினார்.

உள்ளங்கைச் சதையில் பற்கள் இறங்கின. உயிர் போய் உயிர் வந்தது. அவர் கத்தவில்லை. கையை எடுக்கவும் இல்லை. ரத்தம் மணிக்கட்டு வழியாக வழிந்து சட்டைக்கைக்குள் புகுந்தது.

முழங்காலால் அவன் தொடையில் ஓங்கி இடித்தார். இருவரும் கட்டிப் புரண்டபடி சரிந்தபோது, சுவரோரம் அடுக்கியிருந்த மடக்கு நாற்காலிகளில் ஒன்று நழுவியது.

அது தரையைத் தொடுவதற்குள் நான்கு கைகள் அதைப் பிடித்தன.

இரண்டு பேரும் மூச்சுவிடாமல் அதைப் பக்குவமாகக் கீழே வைத்தார்கள். வைத்ததும் காவலாளி அவன் மூக்கில் குத்தினார்.

இவன் ஏன் கத்தவில்லை என்று அப்போதாவது அவருக்கு உறைத்திருக்கலாம். ஆள் சேர்ந்துவிடுவார்கள் என்ற பயம், திருட்டுப் பயல், என்றுதான் நினைத்தார்.

அவன் கை சட்டையின் உள்பைக்குள் போனது.

கத்தி!

காவலாளி அந்தக் கையைப் பிடித்து இழுத்து, சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துப் பின்னால் வளைத்தார். மளுக் என்றது. அவன் வாய் அகலத் திறந்தது. அதிலிருந்து காற்று மட்டும் வந்தது. கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது.

வயலின் வேகம் பிடித்து உச்சத்துக்கு ஏறியது. அந்தச் சத்தத்தின் மறைவில் விலாவில் மூன்று குத்து.

பிறகு வில் நின்றது.

ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி, தரையில் கிடந்த இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

கைத்தட்டல் வெடித்தது.

வியர்வையைத் துடைத்துக்கொள்ள நடைவழிக்கு வந்தாள் அந்தப் பெண். பார்த்தாள். அலறவில்லை. குனிந்து, அப்பாவின் உள்பையிலிருந்து பாதி வெளியே வந்திருந்ததை உருவினாள். கச்சேரி அழைப்பிதழ். உறைமேல் அவள் கையெழுத்து.

"விடுங்கண்ணா. நான்தான் வரச் சொன்னேன்."

காவலாளியின் பிடி தானாகத் தளர்ந்தது.

"அம்மா முன்னாடி உக்காந்திருக்காங்க. அதான் இந்தப் பக்கமா வரச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். கீழே கிடந்தவனின் ரத்தம் ஒழுகிய மூக்கையும் வீங்கிக்கொண்டிருந்த விரல்களையும் பார்த்தார். "தப்பு பண்ணிட்டேம்மா," என்றார். "என்ன இருந்தாலும் பெத்தவரு. பாசம் இருக்கத்தான செய்யும். புரியாம போச்சு."

"பாசமா?"

அவள் இடது சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். எலும்பு சேர்ந்த இடம் கோணலாக இருந்தது. தோளை நோக்கிப் பூரான் ஊர்ந்ததுபோல் தையல் தழும்பு ஏறியது.

"கம்பியால நாலு அடி. இதுக்குத்தான் உள்ள போனாரு. இந்தக் கை இப்ப என்ன பண்ணுதுன்னு அவரு கண்ணால பாக்கணும்ணா. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

உள்ளே கைத்தட்டல் ஓயவில்லை. இன்னொன்று கேட்டார்கள். சட்டைக்கையை இறக்கிவிடாமலே அவள் மேடைக்குத் திரும்பினாள்.

"கதவச் சாத்தாதீங்க," என்றாள் போகும்போது.

காவலாளி அந்த ஆளின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, மேடை தெரியும்படி கதவோரம் உட்கார வைத்தார். தானும் பின்னால் மண்டியிட்டார்.

முதல் சுரம் எழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

காவலாளி அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.