பலூன் பரீட்சை

ஆட்டிசம் உள்ள பிள்ளை, பரீட்சை வைக்கும் ரோபோவிடம் மரியாதைக்காவது ஒரு பொய் சொல்லிக் காட்டினால்தான் பள்ளியில் இடம். ஏழு வயது அஸ்மாவுக்கோ உண்மையைத் தவிர எதுவும் வாயில் வராது. அவளோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினாள் உம்மா பௌசியா. "பிடிக்காததைக் கொடுத்தாலும் கண்ணைப் பாரு, மூணு எண்ணு, சிரி, 'ரொம்பப் பிடிச்சிருக்கு'ன்னு சொல்லு."

இன்று ரோபோ ஒரு பலூனை நீட்டியது. பலூன் என்றாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறவள், ரோபோவின் கண்ணைப் பார்த்தாள். உதட்டுக்குள் மூன்று எண்ணினாள். சிரித்தாள். "ரொம்பப் பிடிச்சிருக்கு."

நூற்றுக்கு நூறு!

பௌசியா மகளை வாரி அணைத்துக்கொண்டாள். எப்போதும் "விடு, பிடிக்கல" என்று திமிறுகிறவள் இன்று அசையவில்லை.

"உம்மாவை உனக்குப் பிடிக்குமாடி?"

அஸ்மா அவள் கண்ணைப் பார்த்தாள். உதட்டுக்குள் மூன்று எண்ணினாள். சிரித்தாள்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு."