வேறெதுவும் ஓடாத கணினி

அருமனை வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகள் வெயிலில் ஆடுகின்றன. உள்ளே சபிதா, விண்மீன் படங்களை ஒட்டிச் சேர்க்கும் மென்பொருள் எவ்வளவு நினைவகம் எடுக்கிறதென்று அளந்துகொண்டிருக்கிறாள். மூன்றாம் தடவையும் எண் கூடுதலாகவே வருகிறது. நான்கு மணிக்குள் அறிக்கை போக வேண்டும். திரையின் மூலையில், தோஹாவில் மதியச் சோறு தின்றுகொண்டிருக்கிறான் கணவன் ஸ்ரீஜித். தினமும் இந்த அரைமணி நேரம் இருவரும் வீடியோவில் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். "இந்த வீடியோ ஓடுததுனாலயாக்கும் கணக்கு கூடுது. கட் பண்ணு மக்கா" என்கிறான் அவன். "நீங்க தின்னு தீருங்க, பொறவு பாக்கலாம்" என்கிறாள் சபிதா. அவன் அவசரமாகக் கடைசி உருண்டையை விழுங்கி, காலித் தட்டைத் தூக்கிக் காட்டுகிறான். அவள் அழைப்பைத் துண்டித்து மென்பொருளை மறுபடி ஓட்டுகிறாள். இம்முறை எண் சரியாக வருகிறது. அறிக்கையின் முதல் வரியைத் தட்டுகிறாள்: 'அளந்தபோது கணினியில் வேறெதுவும் ஓடவில்லை.' பக்கத்தில் அவள் தட்டில் பாதிச் சோறு ஆறிக் கிடக்கிறது.