கடைசி பெஞ்ச்

"எங்க வீட்டுக்காரர் எடுத்த கிளாஸ் ஏதாவது பழைய சர்வர் பேக்கப்புல இருக்குமா தம்பி? அவர் குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்" என்று காலேஜுக்கே வந்து கேட்டார் கோமளா.

பாவமாக இருந்தது, காலேஜ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ராஜவேலுக்கு. பல சர்வர்களில் துண்டு துண்டாகக் கிடந்த பேக்கப்பைக் கோத்து, ஒரே ஒரு ரெக்கார்டிங்கை மீட்டுவிட்டான்.

மயூர் விஹாரில் இருந்த கோமளாவின் ஃபிளாட்டில் நுழைந்ததும் அவன் கண்கள் மாலை போட்ட படத்தைத் தேடின. கழுத்தில் துணி சுற்றிய பெரியவர் ஒருவர் வந்து, கண்கலங்கக் கைகூப்பினார்.

"இவர்தான் தம்பி. தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் பேச்சே போயிடுச்சு."

ராஜவேல் தடுமாறியபடி லேப்டாப்பில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டான். குரல் கணீரென்று வந்தது.

"லாஸ்ட் பெஞ்ச்! கேன் யூ ஹியர் மீ?"

கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு கோமளா சொன்னார்: "கேக்குதுங்க. நல்லாவே கேக்குது."