துண்டுக்குள் ஐந்து வார்த்தை

“பயப்படாத. தெரியலன்னா முழிக்காத. வெரலு என்னா சொல்லுதோ அதைச் சொல்லு, அவ்ளோதான்.”

திருப்பதியில் பெயர் வாங்கிய அந்தப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் இப்படித் தைரியம் சொன்னது ஆறு வயது யாமினி. தலையாட்டியவர் அவள் அப்பா சம்பத். சித்தூர் மண்டியில் பதினைந்து வருஷமாக மாங்காய்த் தரகர்.

ஒன்றாம் வகுப்பில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. பிள்ளைகளுக்குப் பரீட்சை கிடையாது. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிறதா என்று பெற்றவர்களைத்தான் சோதிப்பார்கள். நாலு எழுத்து தெரிந்த மனைவி கலைவாணிக்கோ ஸ்ரீசிட்டி கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை.

கேள்வி எங்கிருந்து வரும் என்பது ஊருக்கே தெரியும். பள்ளி இங்கிலீஷ் புத்தகத்தின் மூன்றாம் பக்கம்: மக், ஜக், பக், ரக், ஹக். ஐந்துக்கும் தலை வேறு, வால் ஒன்று. வரிசையை சம்பத் ஒப்பித்துவிட்டார். மக்கும் ஜக்கும் வீட்டில் புழங்குவதால் தப்பித்தன. மற்ற மூன்றில் எது எதற்கு என்பதுதான் ஒரு வாரமாகியும் மண்டையில் ஏறவில்லை.

எனவே தொழிலைத் துணைக்குக் கூப்பிட்டார். மண்டியில் விலை பேசுவது வாயால் அல்ல, துண்டுக்குள் கையால். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் எண். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. துண்டு அசைவதை எட்ட நின்று பார்த்தே விலையைச் சொன்ன ஆளை சம்பத் ஒருவரைத்தான் கண்டிருக்கிறார்: பாகாலா முனிரத்தினம். அவரும் போய்ச் சேர்ந்து நாலு வருஷம்.

தலைமை ஆசிரியை தாட்சாயணி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “ரண்டி, உள்ள வந்து உக்காருங்க. என்ன தொழில்?”

“மாங்கா மேடம். தரகு.”

“பெங்களூராவா, நீலமா? இந்த வருஷம் காத்துல பாதி கொட்டிப்போச்சே.”

“அதை ஏன் கேக்கறீங்க” என்றபடியே சம்பத் மகளை ஒட்டி உட்கார்ந்து, இருவர் கைமேலும் துண்டை விரித்தார். “ஏசி ஒத்துக்காது மேடம். கொழந்தைக்கு ஜலுபு, மூக்கு ஒழுகுது.”

“அப்பிடியா.” அவர் ஒரு காகிதத்தை எடுத்து மேலே ஏதோ எழுதினார். “பூச்சிக்கு என்ன வார்த்தை?”

துண்டுக்குள் யாமினி அப்பாவின் மூன்று விரலைப் பிடித்தாள். வரிசையில் மூன்றாவது. “பக், மேடம்!”

ஒரு டிக்.

“கீழ விரிக்கிற கம்பளம்?”

நான்கு விரல். “ரக்!”

இன்னொரு டிக். யாமினி அப்பாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மண்டியில் முதல் பேரத்தில் ஆளை ஏமாற்றியவன் சிரிப்பானே, அதே சிரிப்பு.

சம்பத்துக்குச் சுருக்கென்றது. அழுகல் காயைக் கூடையின் அடியில் போட்டு விற்றபோதுகூட இப்படி உறுத்தியதில்லை. புத்தகத்தைப் பார்த்து ஒழுங்காகப் படித்த பிள்ளை. அதற்குப் பள்ளிக்கூடத்தில் நுழையும் முன்பே திருட்டுத்தனம் சொல்லிக்கொடுத்தாயிற்று.

“குளிக்கும்போது மொண்டு ஊத்திக்கிறது?”

இதையாவது யோக்கியமாகச் சொல்லலாம். யாமினியின் விரல் அசையும் முன்பே, “மக்!” என்றார் சம்பத். ஏனோ இந்தத் தடவை பேனா அசையவில்லை.

“கடைசி. கட்டிப் புடிச்சிக்கிறதுக்கு?”

யாமினி அப்பாவின் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் சீட்டு. சம்பத் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

“தெரியாது மேடம். முன்னாடி சொன்னதும் எனுக்குத் தெரியாது. எல்லாம் இவ வெரலைப் புடிச்சிக் காட்டினது. சொல்லிக்குடுத்த பாவி நான்தான். கொழந்த மேல கோவிச்சிக்காதீங்க.”

“நைனா!” யாமினி பல்லைக் கடித்தாள். “கெடுத்துட்டியே! எல்லாம் கரெக்ட்டா போய்க்கினு இருந்துச்சே!”

தாட்சாயணி நிதானமாக இன்னொரு டிக் போட்டார். “பாப்பா அஞ்சு வெரலையும் சேத்துப் புடிச்சா. அஞ்சாவது ஹக். கரெக்ட்டு.”

சம்பத் தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். “மேடம்... துண்டுக்குள்ள இருந்தது உங்களுக்கு எப்பிடி...”

“பாகாலா முனிரத்தினம் எங்க நைனா.”

காகிதத்தை சம்பத் பக்கம் திருப்பி வைத்தார். அதன் தலைப்பில் இருந்த பெயர் சம்பத் அல்ல, யாமினி.

“பாப்பாவுக்கு சீட்டு குடுத்தாச்சு. மக் மட்டும் நீங்களா சொன்னீங்க, அதுக்கு மார்க்கு இல்ல.”