ஏதென்ஸில் திருவூடல்

அருங்காட்சியகத்தில் அந்தக் கல் முகத்தின் முன்னால் போனதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"போட்டுக்கோ. மானத்த வாங்காத," என்றான் கணவன்.

பக்கத்தில் நின்ற மதுவந்தி சிரித்தாள். அவன் அலுவலகத்தில் வேலை செய்பவள், இப்போது அதே சுற்றுலாக் குழுவிலும். ஏதென்ஸில் இறங்கிய நாளிலிருந்து பேருந்தில் அவன் பக்கத்து இருக்கை மதுவந்திக்குத்தான். முன் சீட்டில் உட்கார்ந்தால்தான் தலை சுற்றாதாம்.

சிலைக்கு மூக்கு உடைந்திருந்தது. ஹீரா, தேவர்களின் அரசி என்று மதுவந்தி பலகையைப் படித்துச் சொன்னாள். புருஷன் ஸீயூஸ். போகிற இடமெல்லாம் ஒரு பெண்.

"நம்ம இந்திரன் மாதிரி," என்றான் அவன்.

மதுவந்தி அதற்கும் சிரித்தாள்.

உடைந்த மூக்கிலும் இவள் கண்ணுக்கு உண்ணாமுலை அம்மன்தான் தெரிந்தாள்.

இவள் திருவண்ணாமலைக்காரி. அங்கே தை மாதம் திருவூடல். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். அண்ணாமலையார் தனியாக மலையைச் சுற்றிவிட்டு வரவேண்டும். மறுநாள்தான் சமாதானம்.

"இவ கதவச் சாத்தலையா?" என்று கேட்டாள்.

"கதவா?" என்றாள் மதுவந்தி. "அவர ஒண்ணும் செய்யமாட்டா. அந்தப் பொண்ணுங்க மேலதான் கோவம். ஒருத்தியக் கரடியாக்கிட்டா. இன்னொருத்தி பசுவா ஊரூரா அலைஞ்சா."

ஹீராவைப் பைத்தியக்காரி என்று இவள் நினைத்துக்கொண்டாள். தப்பு செய்கிறவன் வீட்டில் இருக்க, ஊர்ப் பெண்களோடு என்ன சண்டை?

மாலை நான்கு மணிக்கு ஓட்டலுக்குத் திரும்பினார்கள். அவள் முதலில் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அவன் தட்டினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி தட்டினான்.

பிறகு காலடிச் சத்தம் விலகிப் போனது.

ஓட்டலுக்குப் பின்னால் ஒரு சின்னக் குன்று, அதைச் சுற்றி நடைபாதை. தனியாகச் சுற்றிவிட்டு வரட்டும். காலையில் திறக்கலாம். நினைக்கவே நிம்மதியாக இருந்தது.

ஜன்னல் திரையை விலக்கினாள்.

சுற்றிக்கொண்டுதான் இருந்தான்.

கூட மதுவந்தி.

அவன் ஏதோ சொல்ல, மதுவந்தி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. இவளுக்குக் கேட்டது.

அண்ணாமலையார் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.

மூக்கு உடைந்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. பைத்தியக்காரி என்று நினைத்ததற்கு மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கீழே அவர்கள் இரண்டாவது சுற்றைத் தொடங்கினார்கள். அவள் நின்று யோசித்தாள்.

பசு வேண்டாம். பார்க்கும்போதெல்லாம் தொட்டுக் கும்பிட வேண்டிவரும்.

கரடிதான்.