பெரியவருக்கு ஒரு துப்பாக்கி

எழுபத்தெட்டாம் வருஷம், தை மாசம். தேரடித் தெருவில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த சக்கரபாணி, மூன்று ஏர்கன்களை மேசைமேல் பரப்பினார். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த காசி, ஒவ்வொன்றையும் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தான்.

"இதைவிடக் குட்டையா, வெயிட் கம்மியா இல்லீங்களா? எங்க பெரியவருக்குங்க. நாளன்னிக்கு வேட்டைக்குப் போறாரு."

"கை நடுங்குமோ?"

"கை ஆடவே ஆடாதுங்க. போன வருஷத் துப்பாக்கி வெயிட் ஜாஸ்தி. குதிரைமேல ஒரு பக்கமா சாஞ்சுட்டாரு. நாலு பேர் தாங்கிப் பிடிச்சோம்."

"தண்ணி போட்டிருந்தாரா?"

"பால்தாங்க. குடம் குடமா."

"வீட்டுல அந்தம்மா தடுக்க மாட்டாங்களா?"

"அவங்களோடதான் மாட்டுப் பொங்கலன்னிக்கு நடுத்தெருவுல சண்டை. அந்தம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திட்டாங்க."

சக்கரபாணி மூன்றையும் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தார்.

"குதிரைமேல நிலையா உக்காரத் தெரியாது. பொண்டாட்டியோட வேற தகராறு. இந்த ஆளு கையில துப்பாக்கியக் குடுத்துட்டு நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கணுமா? கண்ணாவது ஒழுங்கா தெரியுதா?"

"கண்ணுக்கு என்னங்க குறை? நெத்தியில ஒண்ணு ஜாஸ்தியாவே இருக்கு."

காசியின் ஊர்க்கோயிலில் சாமி அம்மனோடு ஊடிவிட்டு வேட்டைக்குப் புறப்படும் திருவிழா சக்கரபாணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே குட்டையான துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"எடுத்துட்டுப் போ. குண்டு மட்டும் வேணும்னா, அந்தம்மா வந்து கேக்கட்டும்."